நகர்த்தி வைத்த நான்கு டிகிரி

வெதுரியா தன் வாழ்க்கையில் ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தியதில்லை. ஆனால் அபுசேனி மலையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு குட்டி விளக்கு எரிந்தாலும், எந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் பருத்தியில் வைத்த விதை முளைத்தாலும், அதற்குப் பின்னால் அவள் கை இருக்கும்.

அடிவாரத்தில் வாலியா என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் லேப் அசிஸ்டென்டாக இருந்தாள். ஆசிரியர் உள்ளே வருவதற்கு முன் மேஜையில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அவர் வந்ததும் இவள் மூலைக்குப் போய்விட வேண்டும். மணி அடித்ததும் வந்து கழுவ வேண்டும். அவ்வளவுதான் அவள் உத்தியோகம். பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. வெள்ளை அங்கி அக்கா என்பார்கள்.

ஆனால் அவளுக்கென்று ஒரு கர்வம் இருந்தது. அவள் அடுக்கிய மேஜையில் எந்தச் சோதனையும் பிசகியதில்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஆசிரியர்கள் அவளைத் தேடி வந்து, "வெதுரியா, காப்பாத்து" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். எந்தக் கரைசலில் எத்தனை சொட்டு கூட்டினால் நிறம் பளிச்சென்று மாறும், எந்தத் தராசின் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டினால் முள் நடுவில் நிற்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைப் பொய் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. விருந்தாளி வரும்போது கிழிந்த மெத்தைமேல் நல்ல விரிப்பைப் போடுகிறோமே, அந்த மாதிரி.

பிறகு மாணவர்கள் குறைந்தார்கள். ஊரில் பாதிப் பேர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். வெதுரியாவின் ஒரே மகளும் அப்படித்தான் போனாள். ஒரு கோடைவிடுமுறையில் தலைமையாசிரியர் ஆய்வகத்துக்கு வந்து, இது இனி கம்ப்யூட்டர் அறை என்று சொன்னார்.

"இந்தக் கண்ணாடிச் சாமானெல்லாம் என்ன சார் பண்றது?" என்று கேட்டாள் வெதுரியா.

"குப்பை வண்டி வியாழக்கிழமை வரும். போட்டுடு. உன் வேலையும் இந்த மாசத்தோட முடியுது. மன்னிச்சுக்கோ."

அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இறந்துபோன கணவனுக்காகக்கூட அப்படி அழுததில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கணவன் விட்டுப்போன பழைய டாச்சியா காரின் பின்சீட்டைக் கழற்றி வீசினாள். ஆறு தடவை போய் வந்து, குப்பை வண்டிக்கு ஒரு பீக்கர்கூட மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டு போனாள்.

மலைமேலே இருக்கும் பள்ளிகளில் ஒன்றுமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரே அறை, ஒரே ஆசிரியை, நான்கு வகுப்பு. அறிவியல் என்றால் புத்தகத்தில் இருக்கும் படம். முதல் பள்ளிக்கு அவள் கொண்டுபோன பெட்டியை அங்கிருந்த ஆசிரியை நன்றி சொல்லி வாங்கி, அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். மூன்று மாதம் கழித்துப் போனபோது பெட்டி அப்படியே இருந்தது.

"ஏங்க திறக்கவே இல்லை?"

"உடைஞ்சா? புள்ளைங்க முன்னாடி சோதனை வரலைன்னா? நாளைக்கே ஊரெல்லாம் சிரிக்கும், டீச்சருக்கே ஒண்ணும் தெரியலன்னு."

குறை பெட்டியில் இல்லை, பயத்தில் இருக்கிறது என்று வெதுரியாவுக்கு அன்றுதான் புரிந்தது. அதிலிருந்து தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு போவாள். ஆசிரியையோடு உட்கார்ந்து, "முதல்ல இதை எப்படியெல்லாம் கெடுக்கலாம்னு பாப்போம், வாங்க" என்பாள். இருவருமாகச் சிந்துவார்கள், உடைப்பார்கள், சிரிப்பார்கள். மறுநாள் வகுப்பில் ஆசிரியைதான் செய்ய வேண்டும். வெதுரியா கடைசி பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். ஆசிரியையின் கை தடுமாறும்போது தன் கை தானாக நீண்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஆறு வருடத்தில் ஒன்பது பள்ளிகள். ஒன்பதாவதுதான் மெகுரா.

மெகுரா ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் குக்கிராமம். பள்ளியில் பதினோரு பிள்ளைகள். அங்கே செப்டம்பரில் வந்து சேர்ந்தவள் ஸ்மரந்தா. துர்தா நகரத்துப் பெண், இருபத்தேழு வயது, தொட்டால் உடைந்துவிடுகிற மாதிரி ஒரு முகம். அவள் இன்னும் நிரந்தர ஆசிரியை ஆகவில்லை. அதற்கு இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டி, பத்துக்குக் குறைந்தது எட்டு வாங்க வேண்டும். இரண்டு தடவை தோற்றுவிட்டாள். முதல் தடவை பேச்சே வரவில்லை. இரண்டாவது தடவை பேசினாள், ஆனால் சோதனைக்கு வைத்த விளக்கு அணைந்துபோனது. "செய்முறை தோல்வி" என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றுதான் வாய்ப்பு. இதிலும் தோற்றால் அவள் எந்தப் பள்ளியிலும் ஆசிரியையாக இருக்க முடியாது.

"தோத்துட்டா என்ன பண்ணுவே?" என்று ஒரு நாள் வெதுரியா கேட்டாள்.

"சித்தி ஜெர்மனில ஒரு ஓட்டல்ல இருக்காங்க. பாத்திரம் கழுவக் கூப்பிடறாங்க." ஸ்மரந்தா பிள்ளைகளின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நல்லாதான் கழுவுவேன் அக்கா. உங்ககிட்ட பீக்கர் கழுவிக் கழுவிப் பழகிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வெதுரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். கேள்வி கேட்டால் குனிந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக் கேட்பாள். வெதுரியா பார்த்த எத்தனையோ ஆசிரியர்களில் அப்படிக் குனிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பாடம், தண்ணீர் கொதிப்பது. நான்காம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது: தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். பாடத்திட்டத்தை எழுதி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பியும் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் பாடத்தை ஒத்திகை பார்ப்பது அந்த ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் பழக்கம். பிள்ளைகளுக்கும் அது திருவிழா நாடகம் மாதிரி. எல்லாரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கேட்பாள்.

ஒத்திகையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி தொண்ணூற்றாறில் போய் நின்றது. நகரவே இல்லை.

ஸ்மரந்தா அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் திணித்தாள். தொண்ணூற்றாறு. வேறு வெப்பமானி வைத்தாள். அதுவும் தொண்ணூற்றாறு.

பிள்ளைகள் போன பிறகு அவள் நாற்காலியில் அப்படியே சரிந்தாள். "ஏன் அக்கா?"

"உயரம்மா. மேல வர வர காத்தோட அழுத்தம் குறையும். அமுக்கறதுக்கு ஆள் குறைஞ்சா தண்ணி சீக்கிரமே துள்ளிடும். வாலியாலயே தொண்ணூத்தெட்டுதான். அங்க நான் உப்பை அள்ளிப் போட்டு ஒப்பேத்துவேன். இங்க மூட்டை உப்பு போட்டாதான் உண்டு."

"அதையே பாடமா நடத்திட்டா?"

"புத்தகத்துல நூறுன்னு இருக்கு. இன்ஸ்பெக்டர் கையில அந்தப் புத்தகம் இருக்கும். இது உனக்குக் கடைசி தடவை. அவர்கிட்ட போய் புத்தகம் தப்புன்னு சொல்லப் போறியா?"

ஸ்மரந்தா இரண்டு வெப்பமானிகளையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது அக்கா."

"நூறுன்னே ஒத்திகை பாரு. நல்ல தெர்மாமீட்டரா நான் கொண்டு வரேன். அதை என்கிட்ட விட்டுடு."

அதற்கு மேல் ஸ்மரந்தா கேட்கவில்லை. வெதுரியா அக்கா சொன்னால் எங்கிருந்தாவது கொண்டுவருவாள் என்று நம்பினாள். ஐயோ, அந்த நம்பிக்கைதான் பிறகு வெதுரியாவை முள்ளாகக் குத்தியது.

ஏப்ரல் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. மலையில் இன்னும் பனி கிடந்தது. பள்ளிக்கு வெளியே காரை நிறுத்தி, வெதுரியா மடியில் ஒரு பெரிய வெப்பமானியை வைத்துக்கொண்டாள். வகுப்பில் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக மரப்பலகையில் பெரிய எழுத்தில் எண் எழுதி, கண்ணாடிக்குழாயைக் கம்பியால் கட்டியிருக்கும் ஜாதி அது. கம்பியைக் குறடால் தளர்த்தினாள். குழாயை மெல்ல மேலே தள்ளினாள். ஒரு கோடு, இரண்டு, மூன்று, நான்கு. கம்பியை முறுக்கிவிட்டாள். இருபத்தாறு வருடம் செய்த வேலைதான். இருந்தும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றும்முற்றும் பார்த்தாள். 'கடவுளே, அந்தப் பெண்ணுக்காகத்தான்' என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

பள்ளியின் அடுத்த அறையில் தோம்னிகா அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள். அவள் நான்காம் வகுப்பு சவேத்தாவின் அம்மா. இன்ஸ்பெக்டர் வந்தால் ஊர் சாப்பாடு போட வேண்டும்; இந்த முறை அவள் முறை. கோழிச் சூப், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலே, பிளம் பழச் சாராயம் ஒரு குப்பி.

"வெதுரியாக்கா, அந்த மனுஷன் எப்படிப்பட்டவரு? சிரிப்பாரா?"

"சிரிச்சதா யாரும் சொல்லல."

"அப்போ சாராயத்தை முதல்ல வச்சுடறேன்."

இன்ஸ்பெக்டர் பொம்பிலியு ஒன்பது மணிக்கு வந்தார். உயரமான மனிதர். பூட்ஸில் பனி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. சாராயத்தைக் கையால் தடுத்துவிட்டு, நேராக வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெதுரியாவுக்குப் பக்கத்து இடம். முழங்காலை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, பேனா மூடியைக் கடித்தார்.

பாடம் ஆரம்பமானது. ஸ்மரந்தாவின் குரல் முதல் இரண்டு வாக்கியத்துக்குத் தடுக்கியது, பிறகு நேரானது. கேள்வி கேட்டதும் பதினோரு கையும் பளிச்சென்று எழுந்தன. ஏழு வலது, நான்கு இடது. இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதட்டோரம் என்னவோ அசைந்தது.

"நானும் மூணாங்கிளாஸ்ல இடது கைதான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்கிற மாதிரி முணுமுணுத்தார். வெதுரியா அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். இந்த ஆளுக்கு எல்லாம் தெரிகிறது.

தண்ணீர் அடுப்பில் ஏறியது. வெப்பமானிப் பொறுப்பு சவேத்தாவுக்கு. ஒன்பது வயது, இரட்டைப் பின்னல், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற குழந்தை. அவள் பலகை வெப்பமானியைக் கையில் வாங்கினாள். வாங்கி, அடுப்புப் பக்கம் போகாமல் கதவைத் திறந்து, குவளை நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்தாள்.

வெதுரியாவுக்கு உயிரே நின்றுவிட்டது.

எந்தத் தெர்மாமீட்டரை எடுத்தாலும் முதலில் உருகும் பனியில் வைத்து நலம் விசாரிக்கணும், சைபர் காட்டினால்தான் அதுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். இதை அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இவளேதான். நான்கு மாதத்துக்கு முன்னால், இதே அறையில். ஒத்திகையிலும் அவள் அதைச் செய்தாள்தான். ஆனால் அது நல்ல வெப்பமானி; காரில் குழாயைத் தள்ளும்போது இது இவளுக்கு ஞாபகமே வரவில்லை.

சவேத்தா குவளைக்குள் குழாயின் நுனியை வைத்துக் காத்திருந்தாள். புருவத்தைச் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம் பனியை அமுக்கினாள்.

"டீச்சர், இதுக்கு உடம்பு சரியில்ல."

"என்ன காட்டுது?"

"நாலு."

முன் பெஞ்சிலிருந்து திரயான் என்ற பையன் அவசரமாகத் திரும்பினான். "சைபர்னு சொல்லணும்டி. அப்படித்தான் ஒத்திகை பாத்தோம்."

"சொல்றதுக்கு என்ன, எதை வேணாலும் சொல்லலாம். நான் பாக்கறதைச் சொல்றேன். நாலு."

ஸ்மரந்தா வந்து குனிந்து பார்த்தாள். அவள் கண் எண்ணிலிருந்து கம்பிக்கு நகர்ந்தது. துருப்பிடித்த கம்பியில் குறடு கடித்த இடம் மட்டும் புதிதாக மின்னியது. அவள் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் வெதுரியா தாங்கியிருப்பாள். அடிபட்ட குழந்தை அம்மாவைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"தெர்மாமீட்டர் பழுது போல இருக்கு" என்று ஸ்மரந்தா மெதுவாகச் சொன்னாள். "என் தப்பு. நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

இன்ஸ்பெக்டரின் பேனா தாளை நோக்கிக் குனிந்தது.

அந்த ஒரு கணத்தில் வெதுரியாவுக்கு இரண்டாவது இன்ஸ்பெக்ஷன் தாள் கண்முன் வந்தது. செய்முறை தோல்வி. பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாளே இந்தப் பெண். தொடைக்கு அடியில் இருந்த கைகளை அவள் உருவிக்கொண்டாள். எழுந்து நின்றாள். இருபத்தாறு வருடத்தில் பாடம் நடக்கும்போது அவள் மூலையிலிருந்து பேசியதே இல்லை.

"அவ தப்பில்ல சார். நான்தான் நகர்த்தினேன்."

"நீங்க யாரும்மா?"

"லேப் அசிஸ்டென்ட். இருந்தேன். இந்த மலைல தண்ணி தொண்ணூத்தாறுல கொதிக்குது. புத்தகத்துல நூறு. நூறு வரணும்னு இன்னைக்குக் காலைல கார்ல உக்காந்து குழாயை நாலு கோடு மேல தள்ளினேன்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை வாசலோட நிறுத்தியிருப்பா." கோட்டுப் பையிலிருந்து குறடை எடுத்துக் காட்டினாள். "என்னை இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துலயும் விடக் கூடாதுன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். அவ தாள்ல இதை எழுதாதீங்க."

பதினோரு தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. அடுப்பில் தண்ணீர் முனகியது.

"நீங்க வெளியே போய் இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெதுரியா நகர்ந்தாள். அப்போது ஸ்மரந்தா பேசினாள். அது அவள் குரல்தானா என்று வெதுரியாவுக்கே சந்தேகமாக இருந்தது.

"அவங்க இருக்கட்டும் சார். பாடம் இன்னும் முடியல."

சொல்லிவிட்டு, அழகாக எழுதிய பாடத்திட்டத்தைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"சவேத்தா, இதுக்கு உடம்பு சரியில்லன்னு கண்டுபிடிச்சே. வைத்தியம் என்ன?"

சவேத்தா யோசித்தாள். "பனில வச்சுகிட்டே, சைபர் வர்ற வரைக்கும் கீழ இறக்கணும்."

"யாரு இறக்கப்போறீங்க?"

பதினோரு கை எழுந்தது. இந்தத் தடவை வலது இடது யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு கையையும் தூக்கிய ஆளும் உண்டு. வெதுரியா குறடை நீட்டினாள். கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். திரயான் கம்பியைத் தளர்த்த, சவேத்தா தள்ள, மற்றவர்கள் "கொஞ்சம் கீழ, ரொம்பக் கீழ, மேல" என்று கத்த, குழாய் சைபருக்கு வந்து சேர்ந்தது. பிறகு கொதிக்கும் தண்ணீரில் வைத்தார்கள். ஏறியது. நின்றது.

"எவ்வளவு?"

"நூறு" என்றது வகுப்பு முழுவதும், ஒத்திகை பார்த்த அதே ராகத்தில்.

"கண்ணால பாத்துச் சொல்லுங்க."

திரயான் தலையைச் சொறிந்தான். "தொண்ணூத்தாறு. ஆனா நீங்கதானே டீச்சர் நூறுன்னு சொல்லச் சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றாள் ஸ்மரந்தா. காது மடல் வரை சிவந்துவிட்டது. "பயத்துல சொன்னேன். அது தப்பு. ஏன் தொண்ணூத்தாறு? யாருக்காவது தோணுதா?"

நெருப்பு போதவில்லை என்றான் ஒருவன். விறகு போட்டார்கள், தண்ணீர் இன்னும் குதித்தது, எண் அசையவில்லை. பானை பழசு என்றாள் ஒருத்தி. பானையை மாற்றினார்கள். அதற்குள் கதவு திறந்து தோம்னிகா தலையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. சூப் ஆறுது."

"தோம்னிகாக்கா, உள்ள வாங்க" என்றாள் ஸ்மரந்தா. "காஞ்ச பீன்ஸ் வேக வைக்க இங்க எவ்வளவு நேரமாகும்?"

தோம்னிகா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், ஸ்மரந்தாவைப் பார்த்தாள், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தவளாகக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். "அதை ஏன் கேக்கறீங்க. காலைல வச்சா மத்தியானம்தான். துர்தால என் தங்கச்சி இருக்கா, அதே பீன்ஸ், எங்க தோட்டத்துது. அவ வீட்டுல அதுல பாதி நேரம்கூட ஆகல. என் கைல ராசி இல்லன்னு என் மாமியா பத்து வருஷமா சொல்லிக் காட்டறா."

"துர்தா கீழ இருக்கு" என்றாள் சவேத்தா மெதுவாக. "நாம மேல இருக்கோம்."

"மேல இருந்தா என்ன குறையும்?"

பிள்ளைகள் ஜன்னல் வழியே மலையுச்சியைப் பார்த்தார்கள். பின் ஒரு சின்னக் குரல், இரண்டாம் வகுப்புப் பெண்: "எங்க அப்பா மேய்ச்சலுக்கு உச்சிக்குப் போனா மூச்சு வாங்குது, காத்து கம்மின்னு சொல்லுவாரு."

ஸ்மரந்தாவின் முகத்தில் விளக்கு ஏற்றிய மாதிரி ஆனது. "அக்கா, சிரிஞ்ச் இருக்கா?"

இருந்தது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். ஜனவரியில் ஒரு மாலை இருவரும் சேர்ந்து அதைப் பத்து விதமாகக் கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்மரந்தா கொதித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, கை பொறுக்கிற அளவு ஆறவிட்டு, சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சினாள். இது கொதிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். வாய்ப்பகுதியை விரலால் அடைத்து, பின்தண்டை வெளியே இழுத்தாள். காற்று கசிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

வெதுரியா தொடைக்கு அடியில் கைகளை நசுக்கிக்கொண்டாள். விரல், விரல், இன்னும் அழுத்தி.

"வரல" என்றாள் ஸ்மரந்தா சாதாரணமாக. "ஏன் வரல?"

"விரல் வழியா காத்து போகுது டீச்சர், புஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு."

மறுபடி. அழுத்தி அடைத்து இழுத்தாள். அடுப்பில்லை, நெருப்பில்லை, அவள் கைக்குள்ளேயே அந்தத் தண்ணீர் குமிழியிட்டுத் துள்ளியது.

பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். பதினோரு பேரும் இழுத்துப் பார்க்க வேண்டுமென்று நின்றார்கள். உள்ளே அமுக்குகிற காற்று குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்பதை ஸ்மரந்தா சொல்லவே இல்லை. அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படியானால் இங்கே கொதிக்கிற தண்ணீரில் சூடு குறைவு, அதனால்தான் பீன்ஸ் வேகவில்லை என்று திரயான் கண்டுபிடித்துச் சொன்னபோது, தோம்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய் திரயான், எங்க வீட்டுக்கு வந்து என் மாமியாகிட்ட இதை ஒரு தடவை சொல்லுடா கண்ணு."

வரிசையின் கடைசியில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். முதலாம் வகுப்புக் குழந்தைக்குப் பின்னால், தன் முறைக்காக. சிரிஞ்ச் கைக்கு வந்ததும் இழுத்தார். குமிழி எழுந்தது. இன்னொரு தடவை இழுத்தார்.

சூப் ஆறியே போய்விட்டது. அடுத்த அறையில் அவர் அதைச் சூடாக்கச் சொல்லாமல் குடித்தார். ஸ்மரந்தா எதிரே நின்றாள். வெதுரியா கதவோரம் நின்று கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க டீச்சர். பாடத்திட்டம் நாப்பத்தஞ்சு நிமிஷம். நீங்க எடுத்தது எண்பது. அனுப்பின திட்டத்துல பாதி நடக்கல. புள்ளைங்களுக்குப் பதிலை மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க. இதுக்கெல்லாம் நான் மதிப்பெண் குறைச்சே ஆகணும்."

"சரிங்க சார்."

"குறைச்சுட்டேன்." தாளை அவள் பக்கம் திருப்பினார். "எட்டு புள்ளி இருபது."

ஸ்மரந்தா அந்த எண்ணை விரலால் தொட்டாள். எட்டு போதும். எட்டுக்கு மேலேயே புள்ளி இருபது இருக்கிறது. கண் பொங்கியது. தோம்னிகாவோ தன் மகளே பாஸானது போல அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு."

வெதுரியா தலை குனிந்தாள். "சொல்லுங்க சார். எதுவானாலும் சரி."

"மே மாசம் வாலியால இந்த வட்டாரத்து ஆசிரியர் கூட்டம் இருக்கு. முப்பது பேர் வருவாங்க. நீங்க வந்து இன்னைக்கு நடந்ததைச் சொல்லணும். சிரிஞ்சை மட்டும் இல்ல. குழாயை நகர்த்தினதையும் சேர்த்து."

"அவங்க முன்னாடியா? நான் டீச்சர் இல்லையே சார்."

"தெரியும். அதான் கூப்பிடறேன்."

மே மாதம் அந்தக் கூட்டத்தில் வெதுரியா முதன்முதலாக ஓர் அறையின் முன்பக்கத்தில் நின்றாள். எதிரே முப்பத்தொரு ஆசிரியர்கள். சாக்பீஸ் கைக்குள்ளேயே ஒடிந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். மெழுகு ஒட்டிய தராசு, அள்ளிப் போட்ட உப்பு, கூட்டிய சொட்டுகள், கடைசியாக அந்த நான்கு கோடு. "சோதனை பிசகக் கூடாதுன்னு இருபத்தாறு வருஷம் பாத்துப் பாத்து வேலை செஞ்சேன். அத்தனை புள்ளைங்ககிட்டயிருந்தும் கேள்வி கேக்கற சந்தர்ப்பத்தைத் திருடியிருக்கேன்னு ஒன்பது வயசுப் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றாள்.

நடு வரிசையிலிருந்து ஒரு நரைத்த வாத்தியார் கையைத் தூக்கினார்.

"நானும் உப்புதாம்மா."

அறை அதிர்ந்து சிரித்தது. ஒருத்தி, தன் பள்ளியில் முளைக்காத விதைக்குப் பதில் சந்தையில் நாற்று வாங்கி இரவோடு இரவாக நட்டு வைத்ததாகச் சொன்னாள். இன்னொருவர், மேஜைக்கு அடியில் காந்தம் கட்டியதாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஸ்மரந்தா சிரித்துச் சிரித்து இருமினாள். அவள் இப்போது மெகுராவின் நிரந்தர ஆசிரியை.

கூட்டம் முடிந்ததும் வெதுரியா ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்தனுப்பினாள். அவரவர் பள்ளியில் பிள்ளைகளே பனியிலோ ஐஸிலோ வைத்து நலம் விசாரித்து, பிறகு தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஜூன் மாதம் முழுக்க அவள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்தரை. தொண்ணூற்றெட்டு. சமையலறைச் சுவரில் ஒட்டிய மலை வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்குப் பக்கத்திலும் எழுதிக்கொண்டே வந்தாள். உயரே போகப் போக எண் குறைந்துகொண்டே போனது, யாரும் தள்ளிவிடாமல்.

ஒரே ஒரு பள்ளியிலிருந்து மட்டும் நூற்றொன்று என்று வந்தது. வெதுரியா அதையும் அப்படியே எழுதினாள். எழுதிவிட்டுக் கார் சாவியைத் தேடினாள்.